பதின்மூவர் ஆட்டமும் பதின்மூன்று வயதுச் சிறுவனும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் நம்மிற் பலர் நேரிற் கண்டிராத ஓர் ஆட்டத்தைப் பற்றியது. ரக்பி லீக் என்பது அதன் பெயர். பக்கத்துக்குப் பதின்மூவர், முட்டை வடிவப் பந்து, எண்பது நிமிஷ ஆட்டம். பந்தை ஏந்தி ஓடும் அணி, ஆறு முறை மடக்கிப் பிடிக்கப்படுவதற்குள் எதிரியின் எல்லைக்கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் அழுத்திவிட வேண்டும். இல்லையேல் பந்தை எதிரியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அப்படிக் கோட்டுக்கு அப்பால் பந்தை அழுத்துவதற்கு ‘டிரை’ என்று பெயர். விதிகளைப் பற்றி இதற்கு மேல் இங்கே தேவையில்லை. இந்த ஆட்டத்தை நடத்தும் கிளப்புகள் சிறுவர்களை எங்ஙனம் கண்டெடுக்கின்றன, எங்ஙனம் தம்மிடம் சேர்த்துக்கொள்கின்றன, சேர்த்துக்கொண்ட பின் எங்ஙனம் வளர்க்கின்றன என்பதே என் பேச்சின் பொருள்.

பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவனைப் பார்த்து, ‘இவன் தேறுவான், அவன் தேறமாட்டான்’ என்று சொல்ல யாரால் முடியும்? அப்படிச் சொல்லப்பட்ட சொல்லை நம்பி அந்தச் சிறுவனும் அவனைப் பெற்றவர்களும் தங்கள் வாழ்க்கையையே மாற்றி அமைத்துக்கொண்டால், அதன் பின் வரும் நன்மை தீமைகளுக்கு யார் பொறுப்பு? இவ்விரண்டு வினாக்களையும் நெஞ்சில் வைத்துக்கொண்டு என்னோடு வாருங்கள்.

இந்த ஆட்டம் பிறந்த கதையிலேயே பணமும் வறுமையும் பின்னிக் கிடக்கின்றன. இங்கிலாந்தின் வடபகுதியில், யார்க்ஷயர், லங்காஷயர் பிரதேசங்களில், நிலக்கரிச் சுரங்கத்திலும் நூலாலையிலும் உழைத்த மக்களே அங்கே ரக்பி ஆடினார்கள். ஆட்டத்துக்காக வேலையை விட்டு வந்தால் அன்றைய கூலி போய்விடும். போன கூலியை ஈடுசெய்ய வேண்டும் என்று வடநாட்டுக் கிளப்புகள் கேட்டன. ஆட்டம் பணத்துக்காக ஆடப்படலாகாது என்று தென்னாட்டுக் கனவான்கள் மறுத்தார்கள். 1895 ஆகஸ்ட் 29-ஆம் தேதி ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து ஜார்ஜ் ஹோட்டலில் வடநாட்டுக் கிளப்புகள் கூடித் தனிச் சங்கம் அமைத்துக்கொண்டன. நாளொன்றுக்கு ஆறு ஷில்லிங். அதுதான் அன்று கேட்கப்பட்ட ஈடு. ஆகவே ஒரு தொழிலாளியின் மகனை ஆட்டத்துக்கு அழைக்கும்போது, அவன் வீட்டு அடுப்பு எரிவதைப் பற்றியும் பேசியாக வேண்டும் என்பது இந்த ஆட்டத்தோடு கூடப் பிறந்த கடமை. இதனை எந்தக் கிளப் மறந்ததோ, அது தன் பிறப்பையே மறந்தது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

பிரிந்து வந்தவர்களைப் பழைய சங்கம் மன்னிக்கவில்லை. லீக் ஆட்டத்தில் ஒருமுறை கால் வைத்தவனுக்கு, பழைய சங்கம் நடத்திய யூனியன் ஆட்டத்தில் ஆயுட்காலத் தடை விதிக்கப்பட்டது. அதனால் என்ன விளைந்தது? ஆள் தேடும் வேலை இரகசிய வேலையாயிற்று. வேல்ஸ் நாட்டில் யூனியன் ஆட்டமே உயிர். அங்கேதான் திறமையும் வறுமையும் பக்கத்தில் பக்கத்தில் குடியிருந்தன. வடநாட்டுக் கிளப்புகளின் ஸ்கௌட்டுகள், அதாவது ஆள் தேடுவோர், அங்கே சென்று, ஆட்டம் பார்க்க வந்த கூட்டத்தோடு கூட்டமாக நின்று, மாலையில் சந்தடியின்றி வீடு தேடிப் போவார்கள்.

கார்டிஃப் துறைமுகத்தை ஒட்டிய டைகர் பே என்னும் பகுதியிலே, மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனிலிருந்து வந்த தந்தைக்கும் ஐரிஷ் வம்சத்துத் தாய்க்கும் 1934-இல் பிறந்தவர் பில்லி பாஸ்டன். கார்டிஃப் கிளப்புக்காக ஆட வேண்டும், வேல்ஸ் நாட்டுக்காக ஆட வேண்டும் என்பதே அவர் ஆசை. ஊரிலேயே இருந்த கிளப், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த கிளப், அவரைக் கூப்பிடவில்லை. கறுப்பு நிறத்தவர்க்கு அந்தக் கதவு எளிதில் திறவாத காலம் அது. லங்காஷயரிலிருந்த விகன் கிளப் கூப்பிட்டது. 1953-இல் அந்தக் கிளப்பின் பிரதிநிதிகள் பாஸ்டன் வீட்டு மேசைமேல் நோட்டுகளை எடுத்து வைத்தார்கள் என்றும், மகனை அனுப்ப மனமில்லாத தாயார் அவர்களைத் திருப்பிவிடும் எண்ணத்தோடு மூவாயிரம் பவுன் கேட்டார் என்றும், அவர்கள் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார்கள் என்றும் சொல்லுவார்கள். மறு ஆண்டே, முதல் அணியில் விரல்விட்டு எண்ணத்தக்க ஆட்டங்களே ஆடியிருந்த அந்த இளைஞர், கிரேட் பிரிட்டன் அணியோடு ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணம் சென்று 36 டிரைகள் போட்டுத் திரும்பினார். விகனுக்காக மட்டும் 478 டிரைகள். 2025-இல், தொண்ணூறு வயதைக் கடந்த பின், அவருக்கு ‘சர்’ பட்டம் அளிக்கப்பட்டது. ரக்பி லீக் ஆட்டக்காரர் ஒருவர் அப்பட்டம் பெற்றது அதுவே முதல் தடவை.

அதே கார்டிஃப் நகரம், இன்னொரு சிறுவன். கிளைவ் சல்லிவன் பாலியத்தில் காலிலும் தோளிலும் பல அறுவைச் சிகிச்சைகளுக்கு ஆளானவர். மற்றவர்களைப் போல நடப்பதே அரிது என்று வைத்தியர்கள் சொன்ன பிள்ளை. பிற்பாடு இராணுவத்தில் சேர்ந்து யார்க்ஷயருக்கு வந்தார். பிராட்ஃபோர்டு கிளப் அவரை ஒரு பரீட்சை ஆட்டத்தில் ஆட விட்டுப் பார்த்து, வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. அடுத்து ஹல் கிளப் அழைத்தது. 1961-இல், யூனியன் தடைக்கு அஞ்சி, ‘மிஸ்டர் எக்ஸ்’ என்ற முகமறியாப் பெயரில் அவரைக் களத்தில் இறக்கினார்கள். மூன்று டிரைகள்! மறுநாளே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1972 உலகக் கோப்பையை வென்ற பிரிட்டிஷ் அணிக்குத் தலைவர் அந்தச் சல்லிவன்தான். இன்று ஹல் நகருக்குள் நுழையும் பெருஞ்சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அன்பர்களே, பிராட்ஃபோர்டு பார்த்ததும் அதே கால்கள். ஹல் பார்த்ததும் அதே கால்கள். பின் ஏன் ஒரு கண்ணுக்குத் தெரிந்தது மறு கண்ணுக்குத் தெரியவில்லை?

இங்கேதான் இவ்வாட்டத்தின் மிகப் பெரிய மயக்கத்துக்கு வருகிறோம். ரக்பி லீக் மோதல் நிறைந்த ஆட்டம். மோதலில் பெரிய தேகம் வெல்லுவது இயல்பு. பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் ஆடும் ஆட்டத்தை ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். மீசை அரும்பிவிட்ட ஒருவன் பந்தை வாங்கி நேராக ஓடுகிறான்; குழந்தை முகம் மாறாத மூவர் அவன்மேல் விழுந்தும் அவனைச் சாய்க்க முடியவில்லை; டிரை. மறுபடியும் பந்து, மறுபடியும் ஓட்டம், மறுபடியும் டிரை. ஸ்கௌட் தன் குறிப்புப் புத்தகத்தில் அவன் பெயரை எழுதிக்கொள்கிறார். ஆனால் அவர் எழுதிக்கொண்டது திறமையையா, வயதுக்கு முந்திய வளர்ச்சியையா? ஐந்து ஆண்டுகள் கழிந்து மற்ற மூவரும் அவனுக்குச் சமமாக வளர்ந்துவிட்ட பிறகு, இடுக்கில் புகுவதற்கும், இரு பக்கமும் பந்து கடத்துவதற்கும், எதிரி வரிசையின் ஓட்டையைக் காண்பதற்கும் அவன் ஒருபோதும் கற்றுக்கொள்ளவில்லையே! கற்றுக்கொள்ள வேண்டிய அவசியமே அவனுக்கு நேரவில்லையே!

இதில் பிறந்த மாதம் செய்யும் வேலையும் உண்டு. இங்கிலாந்தில் வயதுப் பிரிவுக்குரிய ஆண்டு செப்டம்பர் முதல் தேதி தொடங்குகிறது. செப்டம்பரில் பிறந்தவனும் அடுத்த ஆகஸ்டில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுகிறார்கள். இருவருக்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டு. அந்த இளம் பருவத்தில் ஓராண்டு என்பது ஒரு யுகம். வட்டார அணிகளுக்கும் தேசிய அணிகளுக்கும் தேர்ந்தெடுக்கப்படும் சிறுவர்களை ஆராய்ந்தவர்கள், செப்டம்பரில் தொடங்கும் அந்த ஆண்டின் முதற் சில மாதங்களில் பிறந்தவர்களே அளவுக்கு மீறி அங்கே நிறைந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். கோடையில் பிறந்த பிள்ளைகளுக்கு ஆண்டவன் திறமையைக் குறைத்தா கொடுத்தான்?

இந்த மயக்கத்தைத் தகர்த்த ஒரு மனிதரின் சரித்திரத்தை உங்களுக்குச் சொல்லாமல் மேலே செல்ல என் மனம் இடங்கொடாது. ராப் பர்ரோ. உயரம் 165 சென்டிமீட்டர். நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஆடவர்கள் மோதிக்கொள்ளும் களத்தில் இந்த உயரத்துக்கு என்ன வேலை என்று அவர் சிறுவராய் இருந்த நாள் முதல் கேட்டவர் பலர். லீட்ஸ் கிளப் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு நின்றுவிடவில்லை. வளரும் வரை வைத்துக்கொண்டு பார்ப்போம் என்று தன் அகாடமியில் வைத்துக்கொண்டது. 2001-இல் முதல் அணிக்கு வந்தார். 2004-இல் லீட்ஸ் முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் சாம்பியன் பட்டம் வென்றபோது அந்த அணியில் அவரும் இருந்தார். 2011 இறுதி ஆட்டத்தைக் கண்டவர்கள் அதனை மறக்கமாட்டார்கள். மான்செஸ்டர் நகரத்து ஓல்டு டிராஃபோர்டு மைதானம். எதிரே செயின்ட் ஹெலன்ஸ் அணி. தரையிலிருந்து பந்தை எடுத்த பர்ரோ, தம்மைப் பிடிக்க நீண்ட கைக்குக் கீழே குனிந்து புகுந்து, களத்தின் நடுவே திறந்த வெளியில் பாய்ந்து, கடைசியாகக் காத்து நின்ற காவலனையும் கடந்து, கோட்டுக்கு அப்பால் போய் விழுந்தார். உயரமானவன் ஒருவனால் அந்தக் கைக்குக் கீழே புகுந்திருக்க முடியாது! அன்றைய சிறந்த ஆட்டக்காரர் விருதுக்கு வாக்களித்தவர் அனைவரும் ஒருவர் தவறாமல் அவருக்கே வாக்களித்தார்கள். மொத்தம் எட்டு இறுதி ஆட்ட வெற்றிகள்.

அந்த லீட்ஸ் அணியின் தலைவர் கெவின் சின்ஃபீல்டு ஓல்டம் நகரத்துப் பையன். பதினாறு வயதில் முதல் அணிக்கு ஆடினவர். அவரும் பர்ரோவும் டானி மெக்கையரும் ஜேமி ஜோன்ஸ்-புகானனும் ஒரே கிளப்பின் இளையோர் பிரிவுகளில் உருவாகி, ஒன்றாகத் தோற்று, ஒன்றாக வென்றவர்கள். 2019-இல் பர்ரோவுக்கு நரம்புகளை அழிக்கும் கொடிய நோய் வந்தபோது, அவருக்காகவும் அந்நோயால் வருந்தும் பிறருக்காகவும் சின்ஃபீல்டு பல நாள் தொடர்ந்து நெடுந்தூரம் ஓடிப் பல பத்து இலட்சம் பவுன் திரட்டினார். பர்ரோ 2024 ஜூனில் காலமானார். சிறுவர்களை ஒன்றாக வளர்ப்பதன் பயன் வெற்றிக் கோப்பைகளோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று நான் அறியேன்.

நல்லது. கண்டெடுப்பவர் கண் எப்படிப்பட்டதாய் இருக்க வேண்டும்? ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாகாணத்தில் சிரில் கானல் என்று ஒரு பெரியவர் இருந்தார். இளமையில் ஆஸ்திரேலிய அணிக்கு ஆடினவர். பின்பு ஆசிரியராகி, கல்வி இலாகாவில் உயர்ந்த உத்தியோகம் வகித்தவர். ஓய்வு பெற்ற பின் பிரிஸ்பேன் பிராங்கோஸ் கிளப்புக்கு இளைஞர்களைத் தேடித் தந்தவர். மாகாணத்தின் உட்பகுதியில், வாண்டோவன், ரோமா என்னும் சிற்றூர்களில் வளர்ந்த டேரன் லாக்யரை அந்தக் கிளப்புக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். லாக்யர் பிராங்கோஸுக்கு 355 ஆட்டங்களும், நாட்டுக்கு 59 டெஸ்ட் ஆட்டங்களும் ஆடினார். கானல் 2009-இல் மறைந்தார். இன்று குவீன்ஸ்லாந்தின் இளையோர் கோப்பைகளுள் ஒன்று அவர் பெயரால் நடைபெறுகிறது. இளைஞர்களைத் தேடுவதற்கு ஓர் ஆசிரியர் வாய்த்தது வெறும் தற்செயல் என்று நான் கருதவில்லை. வகுப்பில் முதல் மார்க் வாங்குபவன் யார் என்று எவரும் சொல்லிவிடலாம். இரண்டாண்டு கழித்து மலரப் போகிறவன் யார் என்று ஆசிரியர்தான் அறிவார்.

அவ்வாறு பழகிய கண், டிரை போடும் கணத்தை மட்டும் பார்ப்பதில்லை. பந்தைத் தவறவிட்ட பையன் அடுத்த கணம் என்ன செய்கிறான்? தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறானா, ஓடிப் போய் வரிசையில் நிற்கிறானா? மடக்கிப் பிடித்தபின் எழுந்து, பத்து மீட்டர் பின்வாங்கி, மூச்சு வாங்குமுன் அடுத்தவனைப் பிடிக்க வருகிறானா? பக்கத்தில் நிற்கும் தோழனோடு வாய் திறந்து பேசுகிறானா? ஆட்டம் முடிந்து தோற்ற பின் அவன் முகம் எப்படி இருக்கிறது? காமிராவும் கணக்கு யந்திரமும் வேகத்தையும் தூரத்தையும் அளந்து தருகின்றன, அவை நல்லனவே. ஆயினும் மைதானத்து ஓரத்தில் மழையில் நனைந்து நின்று பார்ப்பதற்கு மாற்று இன்னும் வரவில்லை.

இனி, கண்டெடுத்த பின் வளர்க்கும் கதைக்கு வருவோம். சிட்னி மாநகரின் மேற்கெல்லையில், நீல மலைகளின் அடிவாரத்தில், பென்ரித் என்று ஓர் ஊர். 1967-இல் சிட்னியின் முதல்தரப் போட்டியில் சேர்ந்த அதன் கிளப், முதல் பட்டம் பெற 1991 வரை காத்திருந்தது. 2011-இல் கடன் சுமையில் தள்ளாடிய அந்தக் கிளப்பின் நிர்வாகத்துக்கு, 1991-இல் அதே கிளப்பைப் பட்டம் வெல்லப் பயிற்றிய ஃபில் கூல்டு வந்தார். நாட்டின் மிகப் பெரிய இளையோர் லீக்குகளுள் ஒன்று தம் வாசலிலேயே இருக்க, வெளியூர் நட்சத்திரங்களுக்குப் பணத்தைக் கொட்டுவானேன் என்று அவர் கேட்டார். விலையுயர்ந்த ஆட்டக்காரர் சிலரை விட்டுவிட்டு, உள்ளூர்ப் பிள்ளைகள் பக்கம் திரும்பினார்கள். இரசிகர்கள் வருந்தினார்கள், தோல்விகள் வந்தன, பொறுத்தார்கள்.

செயின்ட் மேரிஸ், மவுண்ட் டிரூயிட் என்னும் உழைக்கும் மக்கள் வாழும் பகுதிகளிலிருந்து, பசிபிக் தீவுகளைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்களிலிருந்து, ஜரோம் லுவாய், பிரையன் டோஓ, ஸ்டீஃபன் கிரைட்டன் முதலியோர் வந்தனர். சிட்னியிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தொலைவிலுள்ள டப்போ என்னும் நாட்டுப்புற ஊரிலிருந்து ஐசயா யோ வந்தார். டெமோரா என்னும் ஊரிலிருந்து லியாம் மார்ட்டின் வந்தார். ஹரால்டு மாத்யூஸ் கோப்பை, எஸ்.ஜி.பால் கோப்பை முதலிய இளையோர் வயதுப் பிரிவுப் போட்டிகளில் படிப்படியாக ஏறி, ஒருவர் ஆட்டம் ஒருவருக்கு மனப்பாடமான பின் அவர்கள் முதல் அணியில் சந்தித்தார்கள். பயிற்சியாளர் ஐவன் கிளியரி. களத்தில் அணியை நடத்தியவர் அவர் மகன் நேத்தன். 2021, 2022, 2023, 2024 என்று தொடர்ந்து நான்கு பட்டங்கள்! 1956 முதல் 1966 வரை செயின்ட் ஜார்ஜ் கிளப் வென்ற பதினொன்றுக்குப் பிறகு, தொடர்ந்து நான்கு என்பது யாருக்கும் கைகூடாதிருந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். சிட்னி அமைந்த மாகாணத்தில் இளையோர் ஆட்டத்துக்குச் செல்லும் பணத்தில் ஒரு பகுதி, கிளப்புகளோடு இணைந்த கேளிக்கை மன்றங்களில் வைத்திருக்கும் சூதாட்ட யந்திரங்களிலிருந்து வருகிறது. சிறுவனின் காலணிக்குப் பணம் எங்கிருந்து வந்தது, அதே தெருவில் எந்த வீட்டுச் சம்பளம் அதில் கரைந்தது என்று எண்ணும்போது என் மனம் நோகிறது.

வாசலிலே நாற்றங்கால் இல்லாத கிளப் என்ன செய்யும்? மெல்பர்னில் மக்கள் வேறோர் ஆட்டத்தையே உயிராகக் கொண்டவர்கள். 1998-இல் அங்கே ஆடத் தொடங்கிய ஸ்டார்ம் கிளப், குவீன்ஸ்லாந்தின் பிரிஸ்பேன் நகரத்து நார்த்ஸ் டெவில்ஸ் கிளப்போடு உறவு கொண்டு, தொலைவிலேயே நாற்று விட்டது. காமரன் ஸ்மித்தும் கூப்பர் கிராங்கும் அவ்வழியே வந்தவர்கள். பந்தயக் குதிரைகளுக்குப் பயிற்சி ஓட்டம் விடும் வேலை பார்த்துவந்த பில்லி ஸ்லேட்டர், வடக்கே இன்னிஸ்ஃபெயில் ஊரிலிருந்து காரேறி வந்து, வாய்ப்புக் கேட்டு அந்த நார்த்ஸ் வாசலில் நின்றார். அவரை யாரும் தேடிப் போகவில்லை! 2003-இல், முதல் பருவத்திலேயே 19 டிரைகள் போட்டார். தேடிப் போகும் கண் வேண்டும் என்றேன். தேடி வருபவனுக்குத் திறந்த கதவும் வேண்டும்.

வளர்த்த கிளப்புக்கு வளர்ந்தவன் என்றும் சொந்தமா? இல்லை. எல்லாக் கிளப்புகளும் சமநிலையில் போட்டியிடும் பொருட்டு, சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பை மறைவாக மீறியதற்காக 2010-இல் மெல்பர்ன் கிளப்பின் இரண்டு பட்டங்கள் பறிக்கப்பட்டன. பென்ரித்திலிருந்து 2022-இல் மாத்யூ பர்ட்டன் போனார். 2024-இல் கிரைட்டன் போனார். 2025-இல் லுவாய் போனார். ஒவ்வொரு பட்டத்துக்குப் பின்னும் பிள்ளைகள் பிற கிளப்புகளுக்குப் பிரிந்து சென்றார்கள். ஒவ்வொரு முறையும் அடுத்த பருவத்துப் பிள்ளைகள் அந்த இடத்தில் நின்றார்கள். வளர்க்கும் கிளப்புக்கு ஈடு இன்னும் அதிகம் கிடைக்க வேண்டும் என்று வாதிடுவோர் கட்சியில் நான் இருக்கிறேன். விதைத்தவன் வயிறு காய்ந்தால் அடுத்த ஆண்டு யார் விதைப்பார்?

இதுவரை நான் பெயர் சொன்னவர்கள் எல்லாரும் வென்றவர்கள். வெல்லாதவர்களுக்குப் பெயர் இல்லை. ஆனால் அவர்களே பெரும்பான்மையோர். பதினைந்து வயதில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, பத்தொன்பதில் ‘இனி வேண்டாம்’ என்ற சொல்லைக் கேட்டு வீடு திரும்புகிறவர்கள். தீவுகளிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்தவனுக்கு அந்தச் சொல் இன்னும் கனமானது. குடும்பமும் ஊரும் கோயிற் சபையும் அவனை நம்பிக்கொண்டிருக்கும். இன்று ஆஸ்திரேலியப் பெரும் போட்டியில் ஆடுவோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் பசிபிக் வம்சத்தினர் என்பதை நினைத்துப் பாருங்கள். 2008 முதல் 2017 வரை இருபது வயதுக்குட்பட்டோருக்கு நாடு தழுவிய ஒரு போட்டி, தொலைக்காட்சி வெளிச்சத்தோடு நடந்தது. பிள்ளைகள் ஊர் ஊராக விமானமேறிப் போனார்கள். பருவம் முடியுமுன்னே பிரசித்தி பெற்றார்கள். முதல் அணியில் இடமோ மிகச் சிலருக்கே இருந்தது. ஆடுகிறவன் படிக்கவோ வேலை பார்க்கவோ வேண்டும் என்ற விதியை அதன் நிர்வாகிகள் வைத்தது போற்றத்தக்கது. ஆயினும் இளம் மனங்கள்மேல் விழுந்த பாரம் பலரைக் கவலைப்பட வைத்தது. இறுதியில் அந்தப் போட்டி நிறுத்தப்பட்டு, பிள்ளைகள் மாகாணப் போட்டிகளுக்கே, வீட்டுக்கு அருகிலேயே, திருப்பி அனுப்பப்பட்டார்கள். அது நல்ல முடிவு. ஒரு கிளப்பின் வளர்ப்பைப் பற்றி என்னைக் கேட்டால், நான் கோப்பை வைத்திருக்கும் அலமாரியைப் பார்க்கமாட்டேன். சென்ற ஐந்தாண்டில் அங்கிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைகள் இன்று என்ன தொழில் செய்கிறார்கள் என்று கேட்பேன்.

இவ்வளவும் இப்போது ஒரு புதிய நாட்டிலே பரீட்சைக்கு வரப்போகிறது. பாப்புவா நியூகினியில் ரக்பி லீக்தான் தேசிய ஆட்டம். அந்நாட்டு ஹண்டர்ஸ் அணி 2014-இல் குவீன்ஸ்லாந்துக் கோப்பைப் போட்டியில் சேர்ந்து, 2017-இல் அதனை வென்றது. 2028-இல் அந்நாட்டுக் கிளப் ஒன்று ஆஸ்திரேலியப் பெரும் போட்டியில் இடம்பெறுவதாகத் தீர்மானமாகியிருக்கிறது. ஆஸ்திரேலிய அரசாங்கம் பத்தாண்டுகளில் 60 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டிருக்கிறது. பணம் வரும், பேர்பெற்ற வெளிநாட்டு ஆட்டக்காரர்களும் வருவார்கள். மலைநாட்டுக் கிராமப் பள்ளிகளில் ஆடும் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு, நல்ல உணவும், பள்ளிப் படிப்பும், வைத்தியரும், ஊரை விட்டுப் பெயராமல் ஆடுவதற்கு ஒரு சமதரையும் அந்தப் பணத்திலிருந்து எவ்வளவு போய்ச் சேரும்? அவர்களுள் தாமதமாக வளரும் சிறுவன் ஒருவனுக்காக அந்தக் கிளப் எத்தனை ஆண்டு காத்திருக்கும்? முதல் இரண்டு பருவங்கள் தோல்வியில் முடிந்தாலும் அவர்கள் பிள்ளைகளுக்கென ஒதுக்கிய பணத்தில் கைவைக்கலாகாது என்று, இத்தனை தொலைவிலிருந்தும், நான் மனமார வேண்டிக்கொள்கிறேன்.